பழநி பாதயாத்திரை: ஊர் திரும்பும் செலவு

தைப்பூசத்துக்குத் தருமபுரியிலிருந்து பழநிக்கு நடந்து செல்லும் குழுக்கள், மாலை போடும் நாள், இரவுத் தங்கல், சமையலுக்கான அரிசி என அனைத்தையும் முன்கூட்டியே பேசி முடித்துவிடுகின்றன; திரும்பும் பயணத்தை மட்டும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதால், பூசத்தன்று கேட்ட வாடகையைக் கொடுக்க வேண்டியதாகிறது. காலில் கொப்புளத்தோடு, கூட்டம் பிதுங்கும் பேருந்தின் படியில் ஏற முடியாமல் தவிக்கும் பெரியவர்களைப் பார்த்தால் மனம் பொறுப்பதில்லை.

ரயிலை விரும்புவோர் கார்த்திகையிலேயே முன்பதிவு செய்துவிட வேண்டும். 2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டுள்ளது. பாலக்காட்டிலிருந்து சென்னை செல்லும் விரைவு ரயில் பழநி, திண்டுக்கல், கரூர், நாமக்கல் வழியாகச் சேலம் வருகிறது. அங்கிருந்து தருமபுரிக்குப் பேருந்துக்குப் பஞ்சமில்லை. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டுவிட்டதால், அவர்களுக்கும் முழுக் கட்டணம் என்றே கணக்கிட வேண்டும்.

பேருந்தில் வருவோர், பழநியிலிருந்து நேராகச் சேலம் செல்லும் வண்டிக்காகக் காத்துக் கிடப்பதைவிட, சுமார் 60 கிலோமீட்டரில் உள்ள திண்டுக்கல்லுக்குப் போய்விடுவது மேல். மதுரையிலிருந்து பெங்களூரு செல்லும் பேருந்துகள் அங்கிருந்து கரூர், நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என நம் ஊர்கள் வழியாகவே செல்கின்றன. ஊருக்குள் வருமா, புறவழிச்சாலையிலேயே இறக்கிவிடுவார்களா என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. நடந்து களைத்தவர்களுக்கு நள்ளிரவில் மேலும் இரண்டு கிலோமீட்டர் என்பது பெரும்பாடு.

குழு பெரிதாக இருந்தால் என் பரிந்துரை வாடகைப் பேருந்துதான். திரும்புவதற்கு மட்டும் வண்டியை அழைத்தால், அது காலியாக வரும் தூரத்துக்கும் நாம்தான் பணம் கட்ட வேண்டியிருக்கும். ஆகவே, நடக்க இயலாத வீட்டுப் பெரியவர்களையும் குழந்தைகளையும் பூசத்துக்கு முந்தைய நாள் அதே வண்டியில் பழநிக்கு வரச் செய்து, தரிசனம் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து திரும்பினால், தலைக்கு விழும் பங்கு கணிசமாகக் குறையும். இருக்கைகள் இரு தரப்புக்கும் போதுமா என்று முதலிலேயே எண்ணிக்கொள்ள வேண்டும். சுங்கக் கட்டணமும் ஓட்டுநர் பேட்டாவும் வாடகையில் அடக்கமா என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

அண்டாவும் அரிசி மூட்டையும் ஏற்றிவந்த சரக்கு வண்டியிலேயே ஆட்களும் ஏறித் திரும்புவதை மட்டும் எந்தக் குழுவும் அனுமதிக்கக் கூடாது. அது சட்டப்படி குற்றம், தூக்கக் கலக்கத்தில் பிடி நழுவினால் உயிருக்கே ஆபத்து.