ஃபிளின்ட் ஹில்ஸில் கொடி நட்ட ஒரு நாள்

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், விசிட்டா நகரில் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் குடும்பத்துக்கு சேஸ் கவுண்டியில் மேய்ச்சல் நிலம் உண்டு. செடி கொடி என்றால் நான் நின்றுவிடுவேன் என்று தங்கை சொல்லியிருக்கிறாள் போல. "சனிக்கிழமை வேலை இருக்கிறது, உன் அக்காவையும் கூட்டிக்கொண்டு வா" என்று கேட்டுவிட்டார். செப்டம்பர் முதல் வாரம். காலை ஏழு மணிக்கே கிளம்பிவிட்டோம்.

கசோடேயில் பெரிய சாலையை விட்டு இறங்கி 177ஆம் எண் சாலையைப் பிடித்ததும் மரங்கள் காணாமல் போயின. மேடும் பள்ளமுமாகப் புல், கண்ணுக்கு எட்டிய வரைக்கும் புல். வட அமெரிக்காவின் நடுவில் ஒரு காலத்தில் பரந்து கிடந்த உயரப் புல்வெளியில் இன்று நூற்றுக்கு நாலு பங்குகூட மிச்சமில்லை. மற்ற இடமெல்லாம் பெரும்பாலும் உழுது வயலாகிவிட்டது. இங்கே மண்ணுக்கு அடியில் சக்கிமுக்கிக் கல் நிறைந்திருப்பதால் ஏர் இறங்கவில்லை, புல் பிழைத்தது. ஃபிளின்ட் ஹில்ஸ் என்ற பெயரே அந்தக் கல்லால் வந்ததுதான்.

வேலை இதுதான். செரீஷியா என்ற களை எங்கே நிற்கிறதோ அங்கே ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன அடையாளக் கொடி நட வேண்டும். மறுநாள் மருந்தடிக்கிற ஆட்கள் வந்து கொடி இருக்கும் இடத்தில் மட்டும் அடிப்பார்கள். கேட்க எளிது. ஆனால் செரீஷியாவின் உறவுக்காரச் செடிகள் அந்த நிலத்திலேயே பிறந்து வளர்ந்தவை, அதே வெளியில் அதற்குப் பக்கத்திலேயே நிற்கின்றன. எல்லாமே லெஸ்பெடிசா இனம், இவர்கள் பேச்சில் புஷ் குளோவர். எல்லாவற்றுக்கும் நம் கொள்ளுச் செடி போல ஒரு காம்பில் மூன்று சிற்றிலை. மருந்துக்கு ஊர்ச்செடி, வந்தேறி என்ற பேதம் தெரியாது.

அந்த ஊர்ச்செடிகளில் வட்டத்தலை புஷ் குளோவரை யாரும் தவறவிட முடியாது. தண்டின் உச்சியில் பூக்கள் உருண்டையாகக் கூடி நிற்கும். குளிர்காலத்தில் அந்த உருண்டைகள் துருப்பிடித்த நிறத்தில் காய்ந்து நிற்குமாம். சரி, உருண்டை இல்லாதது செரீஷியா, இது போதும் என்று நம்பிக்கையோடு பத்துப் பதினைந்து கொடி நட்டுவிட்டேன். பின்னாலேயே வந்த பெரியவர் ஒரு செடியின் முன் மண்டியிட்டார். "இதை ஏன் குறித்தாய்?" என்றார். நிமிர்ந்த தண்டு, நெருக்கமான குறுகிய இலை, உச்சியில் உருண்டை இல்லை. செரீஷியாதானே என்றேன். அவர் பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அந்தச் செடியிலிருந்தும் உண்மையான செரீஷியாவிலிருந்தும் ஒவ்வொரு சிற்றிலையைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். செரீஷியா இலை அடியில் ஆப்பு போலக் குறுகி, மேலே போகப் போக அகலமாகி, நுனியில் வெட்டிவிட்டது போல மழுங்கியிருந்தது. அந்த மழுங்கலின் நடுவில் கண்ணாடியில் மட்டும் தெரிகிற ஒரு குட்டி முள். அடிப்புறம் வெள்ளி நிறத்தில், பட்டு போல ரோமம் படிந்து கிடந்தது. இன்னொன்று வேறு மாதிரி. நடுவில் ஒரே அகலம், இரண்டு முனையும் மெல்ல உருண்டவை. பூவைப் பார், அதில் சந்தேகமே வராது என்றார். செரீஷியாவின் பூ இலைக்கக்கத்தில் ஒன்றிரண்டாக, பாலாடை வெள்ளையில், தொண்டையில் ஊதாக் கீற்றோடு இருந்தது. நான் கொடி நட்ட செடியில் இளஞ்சிவப்புப் பூ. அது ஒல்லி புஷ் குளோவர், இந்த மண்ணின் செடி. மாடு விரும்பித் தின்னும், காடை அதன் விதையைப் பொறுக்கும்.

எனக்கு மனசு கனத்துவிட்டது. ஒருநாள் தாமதமாகத் தெரிந்திருந்தால் அது கருகியிருக்கும்.

செரீஷியாவும் யாரோ வேண்டுமென்றே கொண்டுவந்ததுதான். கிழக்கு ஆசியச் செடி. 1896இல் வட கரோலினாவில் முதலில் பயிரிட்டுப் பார்த்தார்கள். 1930களிலும் 40களிலும் மண் அரிப்பைத் தடுக்கவும், சுரங்கம் தோண்டிய நிலத்தை மூடவும், காடைக்கு மறைவும் தீனியும் ஆகும் என்றும் ஊர் ஊராக விதைத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அந்த விதையை மட்டும் தின்னும் காடை இளைத்துப்போகிறது. முற்றிய இலையில் டானின் என்ற துவர்ப்புச் சத்து அதிகம், மாடு ஒதுக்கிவிடும். ஒரு இலையை நுனிப்பல்லில் கடித்துப் பார்த்தேன், கடுக்காயைக் கடித்தது போல நாக்கு சுருங்கியது. மாடு சுற்றியுள்ள நல்ல புல்லையெல்லாம் மேய்ந்துவிட, இது மட்டும் நின்று பரவும். நம் ஊர்க் கண்மாய்களில் சீமைக்கருவேலம் நிற்கிற நினைப்பு வந்தது. 2000ஆம் ஆண்டு ஜூலையிலிருந்து கான்சாஸ் மாநிலம் முழுவதும் இதைச் சட்டப்படி களையாக அறிவித்திருக்கிறார்கள், நிலத்துக்காரர் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும்.

ஏப்ரலில் புல்வெளிக்குத் தீ வைப்பது இங்கே பழைய வழக்கம். அந்தத் தீ செரீஷியாவை ஒன்றும் செய்வதில்லை. சூடு பட்டு மண்ணிலிருக்கும் விதைகள் இன்னும் நன்றாக முளைக்கின்றன, அந்த விதைகளோ இருபது வருஷத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கக்கூடியவை. ஆகஸ்ட், செப்டம்பரில் தீ வைத்தால் விதை கட்டுவதற்குள் அடங்குகிறது என்று கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தார் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். பெரியவரும் அடுத்த வருஷம் ஒரு பகுதியில் வைத்துப் பார்க்கப் போகிறாராம்.

மதியம் ஓடைக் கரையில் சாப்பிட உட்கார்ந்தபோது தரையோடு படர்ந்திருந்த ஒரு சின்னச் செடியைக் காட்டினார். அதுவும் மூவிலை, அதுவும் ஆசியாவிலிருந்து வந்தது. முன்பு லெஸ்பெடிசாவில் சேர்த்திருந்தார்கள், இப்போது கும்மெரோவியா என்று பிரித்துவிட்டார்கள். சிற்றிலையின் நுனியைப் பிடித்து மெதுவாக இழுக்கச் சொன்னார். நரம்பின் போக்கிலேயே அம்புமுனை போலக் கிழிந்து வந்தது. ஐந்தாறு இலையைக் கிழித்துப் பார்த்தேன், ஒவ்வொன்றும் அதே மாதிரி.

அப்புறம் காலையில் நட்ட கொடிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் போனேன். கண்ணாடி, இலை நுனி, பூ. இன்னும் இரண்டு தப்பாக நட்டிருந்தேன், பிடுங்கினேன். மூன்றாவது ஒன்றில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு செடியும் நின்றன, தண்டுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு. கொடியை வைப்பதா எடுப்பதா என்று தெரியாமல் பெரியவரைக் கூப்பிட்டேன். பார்த்தார். லாரியிலிருந்து மண்வெட்டியைக் கொண்டுவந்து, ஒல்லிச் செடியின் வேரைத் தொடாமல் செரீஷியாவை மட்டும் சுற்றித் தோண்ட ஆரம்பித்தார். முழங்கை ஆழம் போயும் ஆணிவேர் முடியவில்லை. கல்லில் மண்வெட்டி பட்டு ணங் ணங்கென்றது. எட்டிய ஆழத்தில் வெட்டி எடுத்து, குழியை மூடி, தோண்டும்போது வந்த சக்கிமுக்கிக் கற்களை அந்த இளஞ்சிவப்புப் பூச்செடியைச் சுற்றி வட்டமாக அடுக்கி வைத்தார்.