பத்து லட்சம் வெக்டர்களில் பக்கத்துப் புள்ளியைத் தேடிய கதை

ஒரு படத்தைக் கொடுத்தால் அதைப் போன்ற படங்களைத் தேடித் தரும் வசதி எங்கள் செயலிக்குத் தேவைப்பட்டது. சொந்தத் தரவைத் தொடுவதற்கு முன், பிரான்ஸின் இன்ரியா ஆய்வாளர்கள் வெளியிட்ட சிஃப்ட்1எம் தொகுப்பில் கைபழகிக்கொள்ளலாம் என்று இறங்கினேன். அதில் பத்து லட்சம் வெக்டர்கள், அதாவது படப் பகுதிகளை விவரிக்கும் எண்வரிசைகள், ஒவ்வொன்றிலும் 128 எண்கள். இரண்டு வெக்டர்கள் பக்கத்தில் இருந்தால் அவை ஒன்றைப் போல் ஒன்று இருக்கின்றன என்று பொருள். தேடிப் பார்க்க 10,000 கேள்விகளும் உண்டு.

கோப்பைப் படிக்கும்போதே கவனம் வேண்டும். ஒவ்வொரு வெக்டருக்கும் முன்னால் அதன் பரிமாண எண், அதாவது அதில் எத்தனை எண்கள் என்பது, 4 பைட்டில் உட்கார்ந்திருக்கும். எண்ணுக்கு 4 பைட் வீதம் 512, அதோடு இந்த 4, ஆக ஒரு வெக்டருக்கு 516 பைட். அந்த நான்கை விலக்காமல் படித்தால் எண்கள் எல்லாம் இடம் மாறிவிடும், ஆனால் பிழைச்செய்தி எதுவும் வராது.

முதலில் தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் எதுவும் போடாமல், ஒவ்வொரு கேள்வியையும் பத்து லட்சத்தோடும் ஒப்பிட்டேன். மொத்தம் 1.28 லட்சம் கோடி பெருக்கல்கள். மெதுவான வேலைதான், ஆனால் கிடைத்தது சரியான விடை. தொகுப்போடு வரும் விடைக்கோப்போடு அது ஒத்துப்போன பிறகே அடுத்த படிக்குப் போனேன். வேகத்துக்காகத் தோராயமாகத் தேடப் போகிறோம் என்றால், எவ்வளவு தோராயம் என்று அளக்க ஒரு அளவுகோல் கையில் இருந்தே ஆக வேண்டும்.

அப்புறம் கேடி-மரம், ஒவ்வொரு வெட்டிலும் ஒரு பரிமாணத்தைப் பார்த்துப் புள்ளிகளை இரண்டாகப் பிரித்துக்கொண்டே போகும் இண்டெக்ஸ். 1975இல் ஜான் பென்ட்லி தந்த அழகான யோசனை, இரண்டு மூன்று பரிமாணங்களில் பறக்கும். இங்கேயோ கிட்டத்தட்ட எல்லாப் புள்ளிகளையும் தொட்டுவிட்டுத்தான் விடை சொன்னது. காரணம் எளிது. பத்து லட்சத்தைப் பாதி பாதியாக வெட்டினால் இருபது வெட்டில் மரம் முடிந்துவிடுகிறது. ஒரு கிளையில் அதிகபட்சம் 20 பரிமாணங்களைத்தான் அது பார்த்திருக்கும். மீதி 108 பரிமாணங்களைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. அதனால் எந்தக் கிளையையும் துணிந்து ஒதுக்க முடிவதில்லை.

கடைசியில் ஹெச்என்எஸ்டபிள்யூ. மால்கோவும் யஷுனினும் 2016இல் வெளியிட்ட முறை, வெக்டர் தேடலுக்கான ஃபைஸ் நூலகத்திலேயே இருக்கிறது. புள்ளிகளை அண்டைப் புள்ளிகளோடு இணைத்து அடுக்கடுக்காகக் கிராஃப் என்ற வலைப்பின்னல் கட்டுகிறது. மேல் அடுக்கு எக்ஸ்பிரஸ் பஸ், கீழ் அடுக்கு டவுன் பஸ். இணைப்புகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் எம் என்ற அளவை 16 என வைத்தால் கீழ் அடுக்கில் அதன் இரு மடங்கு, ஒரு புள்ளிக்கு 32 இணைப்புகள் வரை. இணைப்புக்கு 4 பைட் என்றால் பத்து லட்சத்துக்கு 128 எம்பி கூடுதல் மெமரி.

வேகம் அசத்தலாக இருந்தது. சராசரி ரீகாலும், அதாவது சரியான பத்து விடைகளில் எத்தனை கிடைத்தன என்ற அளவும், நன்றாகவே வந்தது. சராசரியோடு திருப்திப்பட மனமில்லாமல் கேள்வி வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். பெரும்பாலான கேள்விகளுக்குப் பத்துக்குப் பத்து, சிலவற்றுக்கோ பாதி கூட இல்லை. பயனருக்குச் சராசரி தெரியாது, அவர் தேடிய ஒரு படம்தான் தெரியும். தேடும்போது எத்தனை புள்ளிகளைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பது என்று சொல்லும் இஎஃப்-செர்ச் அளவைக் கூட்டியதும் அவற்றில் பெரும்பகுதி சரியானது. சில மட்டும் அசையவில்லை. அந்த விடைப்புள்ளிகளை நோக்கி வரும் இணைப்புகள் மிகக் குறைவு, கிராஃபில் போய்ச் சேரவே வழியில்லை. எம்மை 32 ஆக்கி மறுபடி கட்டினேன். இணைப்புகளுக்கான மெமரி இரட்டிப்பானது, அதற்கு ஈடாக அந்தக் கேள்விகளிலும் பல தேறிவிட்டன.

இப்போது எங்கள் சொந்தப் படங்களில் வேலை. அங்கே விடைக்கோப்பு யாரும் தரவில்லை. அதனால் சில ஆயிரம் கேள்விகளை எடுத்து, முழு ஒப்பீட்டை இரவில் ஓடவிட்டு, நாங்களே தயாரித்துக்கொண்டிருக்கிறோம்.