மரம் மட்டும் வைக்காதே

நகரத்துக்குள் பயிர் செய்கிறவர்களிடம் இந்த இடம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள். பத்திரம், குத்தகை என்று யாரும் ஆரம்பிக்க மாட்டார்கள், ஒரு ஆளைத்தான் சொல்வார்கள். வாட்ச்மேன் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் கூட்டிப்போய்க் காட்டினார், முன்பு பயிர் செய்தவர் "எனக்கு முடியவில்லை, நீயே பார்த்துக்கொள்" என்று விட்டுப் போனார்.

எனக்கும் அப்படித்தான். கட்டட இடிபாடு கொட்டிக் கிடந்த ஒரு காலி மனை. அதில் ஒரு ஓரத்தைத் திருத்திக் கீரை போட்டிருந்தவர் ஒரு சாயங்காலம் என்னை வரப்பு வரப்பாக நடத்திக் காட்டினார். மழைத்தண்ணீர் எங்கே தேங்கும், எந்த மூலையில் இன்னும் கண்ணாடித் துண்டு வரும், உரிமையாளர் வந்தால் என்ன பேச வேண்டும், என்ன பேசக் கூடாது, எல்லாம் சொல்லிவிட்டுக் கையிலிருந்த மண்வெட்டியைக் கொடுத்தார். அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம்.

உரிமையாளருக்கும் இதில் ஆதாயம் உண்டு. விலை ஏறட்டும் என்று சும்மா போட்டிருக்கும் இடத்தில் ஒருவர் பயிர் செய்தால் குப்பை விழாது, வேறு யாரும் வந்து ஆக்கிரமிக்க மாட்டார்கள். அதனால் வாடகை கேட்காமலோ, விளைச்சலில் கொஞ்சம் வாங்கிக்கொண்டோ விட்டுவிடுகிறார்கள். ஆனால் "மரம் மட்டும் வைக்காதே" என்பார்கள். மரம் வைத்தவன் நாளைக்கு இடமே என்னுடையது என்று வந்து நிற்பான் என்ற பயம். நகரத் தோட்டங்களில் கீரை, முள்ளங்கி என்று ஒரு மாதத்தில் கைக்கு வருகிற பயிரையே அதிகம் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அடுத்த வருஷம் இருப்போமா என்று தெரியாதவன் எருவுக்கு எப்படிச் செலவு செய்வான்? பெர்லினில் 2009இல் மோரிட்ஸ்பிளாட்ஸ் பக்கம் தொடங்கிய தோட்டத்தில், கிளம்பச் சொன்னால் தூக்கிக்கொண்டு போகலாம் என்று பெட்டியிலும் சாக்கிலும்தான் பயிர் வைத்தார்கள்.

இன்னொரு குறையும் இருக்கிறது, எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது. யாரையும் தெரியாதவருக்கு, புதிதாகக் குடிவந்தவருக்கு, வாட்ச்மேனிடம் நின்று பேசத் தயங்குகிற பெண்ணுக்கு, இப்படி ஒரு இடம் இருக்கிறது என்ற செய்தியே காதுக்கு வராது.

சரி, வாய்வார்த்தையைக் காகிதத்தில் ஏற்ற முடியாதா? முடியும். நியூயார்க்கில் 1973இல் லிஸ் கிறிஸ்டியும் நண்பர்களும் குப்பை மேடாகக் கிடந்த ஒரு மனையில் தாங்களாகவே இறங்கித் தோட்டம் போட்டார்கள்; 1974இல் நகர நிர்வாகமே அதை மாதம் 1 டாலர் வாடகைக்குக் கொடுத்தது, அந்தத் தோட்டம் இன்றும் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸின் சவுத் சென்ட்ரல் பண்ணைக்கு அது வாய்க்கவில்லை. 14 ஏக்கர், நூற்றுக்கணக்கான குடும்பங்கள். நிலம் கைமாறியது, 2006 ஜூனில் போலீஸ் வந்து வெளியேற்றியது, புல்டோசர் பாத்திகளின் மேல் ஏறியது.

என் மனையும் பத்து நாள் அவகாசத்தில் போய்விட்டது, நிற்கிற பயிரோடு. அதனால் அடுத்த இடம் கிடைத்தபோது அரைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போனேன். காலி செய்யச் சொன்னால் 60 நாள் வேண்டும், நிற்கிற பயிர் என்னுடையது, இடத்துக்கு நான் உரிமை கோர மாட்டேன். மூன்றாவது வரியைப் படித்ததும் உரிமையாளர் முகம் தெளிந்தது, அங்கேயே கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலையில் ஒரு வண்டி எரு இறக்கினேன்.