2016 ஹைலக்ஸ் என்றால் எந்த ஹைலக்ஸ்?

பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் ஒன்றைக் காட்டி "2016 மாடல்ணே, கிரான்டைப் பாருங்க" என்று புரோக்கர் சொன்னால் அதில் பொய் இல்லை. கிரான்டில், அதாவது வண்டியின் பதிவுப் பத்திரத்தில், 2016 என்றுதான் இருக்கும். ஆனால் மலேசியாவில் ரெவோ என்கிற புதுத் தலைமுறை ஹைலக்ஸ் விற்பனைக்கு வந்ததே அந்த ஆண்டு மே மாதத்தில்தான். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் பதிவானதெல்லாம் அதற்கு முந்தைய தலைமுறையான வீகோ. ஒரே ஆண்டில் இரண்டு வண்டி. இன்ஜின் வேறு, கியர்பாக்ஸ் வேறு, அடிச்சட்டம் வேறு. விலையை மட்டும் இரண்டுக்கும் ஒன்றாகக் கேட்பார்கள்.

சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊரில் ஃபோர்வீல் வாங்குகிறவர் அதிகமும் ஐந்து, பத்து ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர், அல்லது உரம் போட, புல் அடிக்க ஆள் கூட்டிப்போகும் காண்ட்ராக்டர். அவருக்கு ஆண்டு முக்கியமில்லை, அந்த ஆண்டில் என்ன மாறியது என்பதுதான் முக்கியம். ஹைலக்ஸைப் பொறுத்தவரை எல்லை ஆண்டுகள் மூன்று: 2011, 2016, 2020. இந்த மூன்றில் ஒன்று கிரான்டில் இருந்தால், எல்லைக்கு எந்தப் பக்கத்து வண்டி என்று தெரியாமல் விலை பேசவே கூடாது.

முதலில் முகத்தை நம்புவதை விடுங்கள். பழைய வீகோவுக்குப் புது வீகோ முகம், ரெவோவுக்கு அதற்கடுத்த முகம் என்று பம்பர், கிரில், விளக்கு எல்லாம் செட்டாகவே கிடைக்கிறது. ஒரு நாள் வேலை. கிரான்டில் ஆண்டுக்கு இரண்டு வரி உண்டு: தாஹுன் டிபுவாட் என்பது செய்த ஆண்டு, தாரிக் பெண்டாஃப்தாரான் என்பது பதிவான தேதி. 2015-இல் செய்து 2016-இல் பதிவானது என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது, அது வீகோ. இரண்டுமே 2016 என்றால் இன்ஜின் கொள்ளளவைப் பாருங்கள். 2494 சிசி என்றால் வீகோ 2.5. 2982 என்றால் வீகோ 3.0. 2393 என்றால் ரெவோ 2.4. 2755 என்றால் ரெவோ 2.8. இந்த நான்கு எண்ணையும் கைப்பேசியில் எழுதி வைத்துக்கொள்ளலாம். சாமான் கடைக்காரர் கேட்பது இன்ஜின் பெயரும் மாடல் குறியீடும்: 2.5 என்றால் 2கேடி, 3.0 என்றால் 1கேடி, 2.4 என்றால் 2ஜிடி, 2.8 என்றால் 1ஜிடி. ஃபோர்வீல் வண்டிகளில் வரிசையாகக் கேயூஎன்25, கேயூஎன்26, ஜியூஎன்125, ஜியூஎன்126.

இனி வீகோ. 2011 முகமாற்றத்தில் கவனிக்க வேண்டியது முகம் அல்ல, டர்போ. அதற்கு முந்தைய 2.5-க்குக் குதிரைத்திறன் வெறும் 102 பிஎஸ், இழுவிசை 260 நியூட்டன் மீட்டர். விஎன்டி என்ற மேம்பட்ட டர்போவும், அதன் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் சேர்ந்த பிறகு 144 பிஎஸ், 343 நியூட்டன் மீட்டர். மழை பெய்த செம்மண் மேட்டில் சுமையோடு ஏறும்போது இந்த வித்தியாசம் காலுக்கே தெரியும். இதைக் கண்டுபிடிக்கக் கண்ணே போதும். இன்டர்கூலர் உள்ள வண்டிக்கு பொன்னட்டின் மேல் காற்று வாய் இருக்கும். ஆனால் அந்த வாயைத் தனியாக வாங்கி ஒட்டியவர்களும் உண்டு. பொன்னட்டைத் தூக்குங்கள். இன்ஜினுக்கு மேலேயே அலுமினியப் பெட்டி மாதிரி இன்டர்கூலர் படுத்திருந்தால் நிஜம். வாய்க்கு நேர் கீழே வெறும் இன்ஜின் மூடி தெரிந்தால் அது அலங்காரம்.

கேடி இன்ஜினுக்கு டைமிங் பெல்ட். 100,000-இலிருந்து 150,000 கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டும், நேரம் வந்தால் மீட்டரில் டி-பெல்ட் என்று விளக்கு எரியும். பெல்ட்டை மாற்றாமலே மீட்டர் பட்டனை வைத்து அந்த விளக்கை அணைத்துவிட முடியும் என்பதால், விளக்கு எரியவில்லை என்பது ஒரு சாட்சியே இல்லை. ஃபோர்மேன் (மெக்கானிக்) கொடுத்த பில் இருந்தால் காட்டச் சொல்லுங்கள். பில் இல்லையென்றால் பெல்ட்டும் டென்ஷனரும் மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துவிடுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதன் பிறகு பேசுவது ஹெட் ஓவர்ஹாலைப் பற்றித்தான்.

கேடியில் இதைவிட மோசமான நோய் ஒன்று இருக்கிறது, வெளியில் தெரியாதது. இன்ஜெக்டர் உட்காரும் இடத்தில் ஒரு சின்ன செம்பு வாஷர் உண்டு. அது தேய்ந்தால் எரிந்த வாயு கசிந்து மேல்மூடிக்குள் போகும். எண்ணெய் கரியாகிக் கெட்டிப்படும். அந்தக் கரி கீழே இறங்கி, இன்ஜின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைக்கும். எண்ணெய் அளவு குச்சியில் சரியாகவே காட்டும், பேரிங்குக்குத்தான் போய்ச் சேராது. ஒரு நாள் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். ஆகவே வண்டியைக் காலையில், இன்ஜின் சூடாவதற்கு முன் போய்ப் பாருங்கள். "இப்பதான் ஒரு ரவுண்ட் போயிட்டு வந்தேன்" என்றால் மறுநாள் வருகிறேன் என்று திரும்பிவிடலாம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் எண்ணெய் விளக்கு எத்தனை நொடியில் அணைகிறது என்று கவனியுங்கள். தயங்கித் தயங்கி அணைந்தால் சம்ப்பைக் கழற்றி வலையைப் பார்க்காமல் வாங்காதீர்கள். இன்ஜெக்டர் மாற்றியிருந்தால் ஒவ்வொன்றின் மேலும் உள்ள குறியீட்டை ஸ்கேனர் மூலம் கம்ப்யூட்டரில் ஏற்றினார்களா என்றும் கேளுங்கள். ஏற்றாவிட்டால் ஐட்லிங்கில் தடதடவென்று ஆடும், புகையும் வரும்.

நின்ற இடத்தில் ஆர்பிஎம் ஏறி இறங்கி ஊஞ்சலாடினால் பெரும்பாலும் அது டீசல் பம்ப்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் எஸ்சிவி வால்வு. முழுப் பம்ப்பையும் மாற்றச் சொன்னால் இன்னொரு ஃபோர்மேனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

2016 மே மாதம் வந்த ரெவோவின் புது விலை ஏறத்தாழ 90,000 வெள்ளியில் தொடங்கி 134,000 வரை இருந்தது. ஜிடி இன்ஜினுக்கு டைமிங் செயின், பெல்ட் கவலை இல்லை. 2.4-க்கு 150 பிஎஸ், ஆட்டோவில் 400 நியூட்டன் மீட்டர். 2.8 ஆட்டோவுக்கு 177 பிஎஸ், 450 நியூட்டன் மீட்டர். கியர்பாக்ஸ் ஆறு வேகம். ஃபோர்வீல் போட வீகோவில் இருந்த இரும்புக் கம்பி போய், டாஷ்போர்டில் திருகும் குமிழ் வந்தது. எண்ணெய் ஃபில்டரோடு ஏழரை லிட்டர் பிடிக்கும். ஐந்து லிட்டர் டப்பா ஒன்று ஊற்றி "சர்வீஸ் முடிஞ்சது" என்பவரிடம் விடாதீர்கள்.

2018-இல் எல்-எடிஷன் என்ற பெயரோடு முன்பக்கம் மாறியது. பெரிய கிரில், பார்க்கக் கம்பீரம். இன்ஜினில் மாற்றம் இல்லை. 2017 வண்டிக்கும் 2018 வண்டிக்கும் நடுவே விலை தாவினால் அந்தத் தாவல் முகத்துக்கு மட்டும்தான். அதே 2018-இல் ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை ஜிஎஸ்டி பூஜ்யமாக இருந்தது, செப்டம்பர் 1 முதல் அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற விற்பனை, சேவை வரி வந்தது. அந்த மூன்று மாதத்தில் புதிதாக எடுத்தவர் 6 விழுக்காடு வரி இல்லாமல் எடுத்திருக்கிறார். "நானே இவ்வளவு கொடுத்தேன்" என்று அவர் தொடங்கினால் பதிவுத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2020 இறுதியில் வந்த மாற்றத்தைத்தான் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். புது விலை ஏறத்தாழ 93,000-இலிருந்து 147,000 வெள்ளி. உச்சியில் ரோக் என்ற ரகம். அதன் 2.8 இன்ஜின் 204 பிஎஸ், 500 நியூட்டன் மீட்டராக ஏறியது. முன் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா, தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி எல்லாம் வந்தன. 2.8 தேடுகிறவருக்கு இது உண்மையான எல்லை, கூடுதல் பணம் கொடுக்கலாம். ஆனால் 2.4 தேடுகிறவருக்கு? அதே 150 பிஎஸ், அதே 400. பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கும் ஸ்டியரிங்கும் கொஞ்சம் மெருகேறின, வெறும் வண்டியில் போகும்போது பின்பக்கம் தூக்கிப்போடுவது குறைந்தது. அவ்வளவுதான். 2019-க்கும் 2021-க்கும் நடுவே 15,000 வெள்ளி வித்தியாசம் கேட்டால், தோட்டத்து வேலைக்கு எடுக்கிறவர் 2019-ஐ எடுத்து, மிச்சத்தில் நல்ல டயர், அப்சார்பர், கிளட்ச் எல்லாம் போட்டுக்கொண்டு கையிலும் காசு வைத்திருக்கலாம். ரோக் எடுக்கிறவர் முன் கண்ணாடி மாற்றப்பட்டதா என்று பாருங்கள். மாற்றியபின் கேமராவை அளவு சரிசெய்யவில்லை என்றால் பிரேக் வசதியை நம்ப முடியாது.

மற்ற கம்பெனி வண்டிகளுக்கும் இதே கணக்கு. இசுசு டி-மேக்ஸில் 2021 புது உடம்பு, 1.9-க்கும் 3.0-க்கும் நடுவே தேர்வு, சுமை ஏற்றுகிறவருக்கு 3.0 தான். ஃபோர்ட் ரேஞ்சரில் 2018-இல் வந்த 2.0 இரட்டை டர்போ 213 பிஎஸ்ஸும் பத்து வேக கியரும் கொண்டது, ஓட்ட அருமை. ஆனால் அதன் டைமிங் பெல்ட் எண்ணெயில் நனைந்தபடி ஓடுவது, எண்ணெய் மாற்றுவதில் சோம்பல் ஆகாது. நிசான் நவாரா டபுள் கேப்பில் 2015-க்குப் பிறகு பின்பக்கம் காயில் ஸ்பிரிங். குடும்பத்துக்கு சுகம், செம்பனைக் குலை ஏற்றுவதற்கு என் ஓட்டு பட்டை ஸ்பிரிங்குக்குத்தான்.

கடன் கணக்கு சுருக்கமாக. 70,000 வெள்ளி, 3.5 விழுக்காடு ஃப்ளாட் ரேட் (ஒவ்வோர் ஆண்டும் முழுக் கடன் தொகைக்கும் வட்டி), ஏழு ஆண்டு என்றால் வட்டி 17,150. மொத்தம் 87,150, மாதம் 1,037.50. வண்டி பழசாக ஆக பேங்க் கொடுக்கும் ஆண்டு குறையும், மாதத் தவணை ஏறும். விலை குறைந்த வீகோவுக்கும் விலை கூடிய ரெவோவுக்கும் மாதத் தவணை கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்து நிற்பது இதனால்தான். இரண்டையும் எழுதிப் பார்க்காமல் "மலிவு" என்று முடிவு செய்யாதீர்கள்.

டீசலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 ஜூன் 10 முதல் தீபகற்பத்தில் டீசல் 2.15 வெள்ளியிலிருந்து 3.35-க்குப் போனது. மாதம் 2,000 கிலோமீட்டர், லிட்டருக்குப் பத்து என்று வைத்தால் 200 லிட்டர். 430 வெள்ளி செலவு 670 ஆனது. தகுதி உள்ளவருக்கு அரசாங்கத்தின் புடி மடானி உதவித்தொகை அப்போது மாதம் 200 வெள்ளி தந்தது, மீதி 40 வெள்ளி கையிலிருந்து. அந்தக் கணக்கில் ஏறத்தாழ 1,660 கிலோமீட்டருக்குக் கீழே ஓடியவருக்குச் சரிக்கட்டியது, தினமும் ஈப்போ போய் வந்தவருக்குக் கட்டவில்லை. பி10 டீசலில் பத்தில் ஒரு பங்கு பாமாயிலிலிருந்து வந்தது. நம் செம்பனையே திரும்பி நம் டேங்க்குக்கு வருகிறது என்று சந்தோஷப்படலாம், ஆனால் அது தண்ணீரை இழுக்கும். ஃபில்டர் அடியில் உள்ள திருகை இளக்கித் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள். விளக்கு எரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக, தோட்டத்தில் உழைத்த வண்டியைக் கண்டுபிடிப்பது. பின்தொட்டியின் பிளாஸ்டிக் லைனரைத் தூக்கச் சொல்லுங்கள். முன்சுவர் மூலையில் வெள்ளைப் பொடியும், அதன் கீழே பெயின்ட் கொப்பளித்த துருவும் இருந்தால் உர மூட்டை ஏறிய வண்டி. பொட்டாஷ் உரம் உப்பு மாதிரிதான், இரும்பைச் சும்மா விடாது. தொட்டி ஓரத்தில் வரிசையாக போல்ட் துளை அடைத்த தடம் தெரிந்தால், பலகை கட்டி உயர்த்திக் குலை ஏற்றியிருக்கிறார்கள். குலை ஒன்று இருபது கிலோ என்றால் ஐம்பது குலை ஒரு டன். டபுள் கேப் ஆளையும் பொருளையும் சேர்த்தே ஏறத்தாழ அவ்வளவுதான் தாங்கும், பலகை கட்டியவர் ஐம்பதோடு நிறுத்தியிருக்க மாட்டார். படுத்துப் பார்த்துப் பட்டை ஸ்பிரிங்கை எண்ணுங்கள். நடுவில் ஒரு பட்டை மட்டும் புதிதாக, வேறு நிறத்தில் இருந்தால் சேர்த்துப் போட்டது. கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால் அடிச்சட்டம் வளைந்திருக்கிறது. அந்த வண்டியை எந்த விலைக்கும் வேண்டாம்.

ஃபோர்வீலையும் போட்டுப் பாருங்கள், தார் ரோட்டில் அல்ல, மண்ணில். ரெவோவில் எச்4 திருகினால் விளக்கு கொஞ்சம் மினுக்கி நிலையாக எரிய வேண்டும். மெதுவாக, அதிக இழுவையோடு போகும் எல்4-க்கு வண்டியை நிறுத்தி நியூட்ரலில் போட்டுத் திருக வேண்டும். மினுக்கிக்கொண்டே இருந்தால் ஃபோர்வீலை இணைக்கும் ஆக்சுவேட்டர் பிடித்துக்கொண்டிருக்கிறது. மாதக்கணக்கில் யாரும் போடாத வண்டிகளில் இது சகஜம்.

பணம் கொடுக்கும் முன் சம்மனும் பிளாக்லிஸ்ட்டும் பாருங்கள். "சம்போங் பாயார்" என்று யாராவது மலிவாகக் காட்டினால் திரும்பியே பார்க்காதீர்கள். தவணை நீங்கள் கட்டுவீர்கள், வண்டி அவர் பெயரிலேயே இருக்கும், பேங்க் இழுத்துக்கொண்டு போனால் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. வாகனச் சோதனை நிலையத்தில் பெயர் மாற்ற பி5 சோதனை, கடனுக்கு பி7. முன்பணத்தை பி5 ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகே கொடுங்கள், இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் கிரான்டோடு ஒத்துப்போகிறதா என்பதை அங்கேதான் பார்ப்பார்கள்.