ஓடுகிற கழிவுநீர்க் குட்டையை நிறுத்தாமல் சீரமைப்பது

சீரமைப்பு வேலை என்றாலே எல்லார் கண்ணும் காலி செய்யப்போகிற குட்டைமேல்தான் இருக்கும். பெரும்பாலும் கெட்டுப்போவது பக்கத்துக் குட்டை. ஊர்ச் சாக்கடை ஒரு நாளும் நிற்காது. இரண்டு குட்டை சுமந்ததை அந்த ஒன்று தனியாகச் சுமக்க வேண்டும். அதனால் நாங்கள் கணக்கை அங்கிருந்துதான் தொடங்குவோம்.

நாளுக்கு 3,000 கன மீட்டர் வரத்து, லிட்டருக்கு 200 மில்லிகிராம் பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்ஸிஜன்) என்று வையுங்கள். மொத்தம் 600 கிலோ. தலா 1.5 ஹெக்டேர் பரப்பும் 1.5 மீட்டர் ஆழமும் உள்ள இரண்டு குட்டைகள் இணையாக ஓடினால், ஹெக்டேருக்கு 200 கிலோ விழும். ஒன்றை மூடினால் 400. பாசியை நம்பி ஓடும் குட்டை 25 டிகிரியில் சுமார் 350 கிலோ தாங்கும், 20 டிகிரியில் 250தான். வெயில் காலத்தில், மழை இல்லாத மாதங்களில் வேலையை வைப்பது இதற்காகத்தான். அப்போதும் ஹெக்டேருக்கு 50 வீதம் ஒன்றரை ஹெக்டேருக்கு 75 கிலோ மிஞ்சுகிறது. அதற்கு ஒன்றரை மடங்கு ஆக்ஸிஜன், அதாவது 112 கிலோ வேண்டும். அதைத் தருவது நீரைக் கிளறிக் காற்றேற்றும் ஏரேட்டர். அதன் கேட்லாக்கில் போட்டிருப்பது சுத்தமான தண்ணீருக்கான எண். களத்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு கிலோ என்றே வைத்துக்கொள்வது நல்லது. பாசி ஆக்ஸிஜன் தராத இரவு 12 மணி நேரம் ஓட்ட, 7.5 எச்.பி. மிதவை ஏரேட்டர் இரண்டு போதும். மூன்றாவது கையிருப்பில் இருக்கட்டும். ஆழம் குறைவு என்பதால் அடியில் தடுப்புத் தட்டு இல்லாத ஏரேட்டரை இறக்காதீர்கள். அடிக்கசடைக் கலக்கி வெளியே அனுப்பிவிடும்.

அடுத்தது மதகு. பல வருஷமாக அசைக்காத ஷட்டர் முழுசாக மூடும் என்று நம்ப வேண்டாம். குழாயில் காற்றடைத்த பிளக் இரண்டு போட்டு, நடுவில் கசிவதை சின்ன பம்ப் வைத்து இறைக்கலாம். பிளக்கின் காற்றழுத்தத்தைத் தினமும் பார்க்க வேண்டும்.

கசடு அளக்க நீண்ட கம்பில் வெள்ளைத் துணியைச் சுற்றி மெதுவாக அடிவரை இறக்கித் தூக்கினால் போதும். கறுப்பு ஏறிய உயரம்தான் கசடு. 20 மீட்டர் இடைவெளியில் முப்பத்தைந்து, நாற்பது இடத்தில் பாருங்கள். வரத்து வாயில் எப்போதும் மேடாக இருக்கும். சராசரி 40 சென்டிமீட்டர் வந்தால் 6,000 கன மீட்டர். திடப்பொருள் 8 சதவீதம் என்றால் உலர்ந்த கணக்கில் சுமார் 480 டன். ஒப்பந்தத்தை இந்த உலர் டன்னில் போடுங்கள். கன மீட்டரில் போட்டால் தண்ணீரை இறைத்ததற்கும் பில் வரும். மிதவை டிரெட்ஜர் உறிஞ்சும்போது 3 சதவீதமாக நீர்த்துவிடும் என்பதால், அதே 480 டன் 16,000 கன மீட்டராகக் குழாயில் போகும். துணியும் தலைமுடியும் பம்பில் சுற்றிக்கொள்ளும். தினம் ஒருமுறையாவது பிரித்து எடுக்க நேரம் ஒதுக்குங்கள். அடியில் லைனர் (நீர் கசியாத விரிப்பு) போட்ட குட்டையில் கடைசி 15 சென்டிமீட்டரை டிரெட்ஜர் தொடக்கூடாது.

டிரெட்ஜர் அனுப்பும் கசடு, நீரை மட்டும் வடியவிடும் ஜியோடெக்ஸ்டைல் துணிப் பைக்குள் போகும். வழியில் அதைத் திரளவைக்கச் சேர்ப்பது பாலிமர். அதிகம் சொதப்புவது அதில்தான். உலர் டன்னுக்கு 5 கிலோ என்று தொடங்கினாலும் கசடின் அடர்த்தி மணிக்கு மணி மாறும். அரை மணிக்கு ஒருமுறை குழாயில் இருந்து ஒரு கண்ணாடி ஜாரில் பிடித்துப் பாருங்கள்: கட்டி கட்டியாகத் திரண்டு இடையில் தெளிந்த நீர் நின்றால் சரி. ஜியோடெக்ஸ்டைல் பையின் பக்கவாட்டில் கறுப்பாகக் கசிந்தால் பாலிமர் குறைவு. கசிவே நின்று பை உப்பிக்கொண்டே போனால், கூடுதல் பாலிமர் துணியின் கண்களை அடைத்திருக்கலாம். அப்போதும் பம்பை ஓட்டினால் தையல் விடும். பை படுக்கும் தளம் குறுக்கே சரிந்திருந்தால் உருண்டே போய்விடும்.

வடியும் நீரில் அமோனியா நிறைய இருக்கும். அதை ஓடும் குட்டைக்கு நேரே விடாமல், தூர்வாரும் குட்டைக்கே திருப்புங்கள். டிரெட்ஜர் மிதக்கவும் தண்ணீர் வேண்டும் அல்லவா. பிறகு அந்த நீரைப் பக்கத்துக் குட்டைக்கு இறக்கும்போது நாளுக்கு 5 சென்டிமீட்டர், அதாவது 750 கன மீட்டர் போதும். அவசரப்பட்டு இறக்கினால் ஊறிய கரையின் உள்சரிவு சரியும், பக்கத்துக் குட்டையும் திணறும். நிலத்தடி நீர் மேலே இருந்தால் காலிக் குட்டையின் லைனர் பலூன் மாதிரி எழும்பும். முதலில் சுற்றிலும் நீர்மட்டத்தைக் குறையுங்கள். களிமண் அடித்தளம் என்றால் நேர் எதிர்க் கவலை: காயவிட்டால் வெடிக்கும், ஈரமாகவே வைத்திருக்க வேண்டும்.

வால்வுத் தொட்டியில் விஷவாயு அளக்கும் மீட்டர் இல்லாமல் யாரும் இறங்கக்கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்ச நேரத்தில் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும், வாசனை போய்விட்டது என்று தோன்றும். லைனர் சரிவில், வழுக்கி விழுந்தவர் பிடித்து ஏற, முடிச்சுப் போட்ட கயிறு நாலு பக்கமும் தொங்கட்டும்.

இத்தனை நாளும் ஓடும் குட்டையை விடியற்காலையிலும் பிற்பகல் மூன்று மணிக்கும் டி.ஓ. (நீரில் கரைந்த ஆக்ஸிஜன்) மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். விடியலில் பூஜ்யத்துக்குப் பக்கம் வந்தால் பதறவேண்டாம். பிற்பகலிலும் ஏறவில்லை, நிறம் பச்சையிலிருந்து சாம்பலுக்கோ இளஞ்சிவப்புக்கோ போகிறது என்றால் சுமை மீறிவிட்டது. ஏரேட்டரைப் பகலிலும் ஓட்டி, நீர் இறக்குவதை நிறுத்துங்கள்.

முடிந்த குட்டையைப் சுத்திகரிக்காத சாக்கடையால் நிரப்பினால் அழுகி நாறும். பக்கத்துக் குட்டையின் பாசி நீரையோ சுத்திகரித்த நீரையோ விட்டு, பச்சை பிடிக்க இரண்டு மூன்று வாரம் பொறுத்து, கால் பங்கு, அரைப் பங்கு என்று வரத்தை ஏற்றவும். இரண்டாவது குட்டைக்குப் போகுமுன் கம்பையும் துணியையும் மறுபடி எடுங்கள். இரட்டைச் சுமை தாங்கி, ஏரேட்டரும் கிளறியதில் பழைய கசடு வரைபடம் இப்போது பொருந்தாது.