இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை

25 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

தம்பியின் படுக்கைப்புண் இன்று ஐந்து ரூபாய்க் காசு அளவு. நேற்றும் அதே அளவுதான். பெரிதாகவில்லை, அதுவே போதும்.

நேற்று இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டெவில் என்ற ஊரில் மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் விளையாட்டின் சுடரை ஏற்றியிருக்கிறார்கள். கடலுக்கு அடியில் போகும் சுரங்கம் வழியாக அதை பிரான்சுக்குக் கொண்டுபோகிறார்கள். ஒலிம்பிக் சுடர் கிரேக்கத்திலிருந்து வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். இது ஏன் அந்த ஊரிலிருந்து வருகிறது என்று தேடினேன். அங்கே இருப்பது ஒரு ஆஸ்பத்திரி. அதில் தம்பியைப் போலத் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு ஒரு வார்டு.

அப்புறம் தூக்கம் வரவில்லை.

26 ஆகஸ்ட்

பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு. நான் தோள், அம்மா இடுப்பு, சிஸ்டர் கால். மூன்று பேரும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும், முதுகு முறுக்கிக்கொள்ளக் கூடாது. முட்டிகளுக்கு நடுவில் தலையணை. குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு மடித்த துண்டு. யூரின் பை குழாய் மடங்காமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தம்பி கண்ணை மூடிக்கொள்கிறான். தூங்குகிறான் என்று அம்மா நினைத்துக்கொள்கிறாள்.

தம்பியின் மேஸ்திரி இன்றும் போனை எடுக்கவில்லை.

27 ஆகஸ்ட்

ஸ்டோக் மாண்டெவில் வார்டை நடத்திய டாக்டரின் பெயர் லுட்விக் குட்மான். ஜெர்மனியில் நரம்பியல் மருத்துவர், யூதர். 1939இல் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இங்கிலாந்துக்குத் தப்பி வந்திருக்கிறார். 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டெவில் வார்டை அவர் கையில் கொடுத்தார்கள். போரில் முதுகில் அடிபட்ட பையன்கள். அந்தக் காலத்தில் இப்படி அடிபட்டவர்கள் பெரும்பாலும் இரண்டு வருடத்தைத் தாண்ட மாட்டார்களாம். படுக்கைப்புண்ணில் சீழ் பிடித்துப் போவார்கள், இல்லையென்றால் சிறுநீர்த் தொற்றில் போவார்கள். செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று மற்ற டாக்டர்களே விட்டுவிட்டிருந்தார்கள். இவர் வந்து முதலில் சொன்னது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரி பகல் பார்க்காமல் புரட்டிப் போடுங்கள் என்று.

இரண்டு மணி நேரம்! எங்கள் சிஸ்டர் சொல்கிற அதே கணக்கு. இதை மூன்று தடவை படித்தேன்.

புண் ஆறியதும் அவர்களைச் சும்மா படுக்க விடவில்லை. சக்கர நாற்காலியில் போலோ, வலைப்பந்து, அப்புறம் வில்வித்தை. வில்லை இழுக்கத் தோளும் புஜமும் முதுகின் மேல்பாதியும் உழைக்கும். நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற வேண்டியதும் அதே தசைகளை நம்பித்தான். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், ஆஸ்பத்திரிப் புல்தரையில் 16 பேரை வைத்து ஒரு வில்வித்தைப் போட்டி நடத்தினார். 14 ஆண்கள், 2 பெண்கள். ரிச்மண்டிலிருந்து வந்த அணி ஜெயித்தது, சொந்த வார்டு தோற்றது. அன்றைக்கு நோயாளிகளுக்கென்று ஒரு பஸ்ஸும் கொடுத்தார்களாம். ஆஸ்பத்திரியை விட்டு வெளியே போவதற்கு ஒரு பஸ். போட்டியை விட அந்த பஸ்தான் என் மனதில் நிற்கிறது.

28 ஆகஸ்ட்

பாரிசில் தொடக்க விழா. ராத்திரி பதினொன்றரை மணிக்கு போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன். “வேண்டாம்க்கா” என்றான்.

30 ஆகஸ்ட்

வீட்டுக்காரரிடம் பேசினேன். வாசலில் நாலு படி இருக்கிறது. ஒரு ஓரத்தில் சரிவு போட்டுக்கொள்ள அனுமதி கேட்டேன். வாசல் அழகு போய்விடும் என்கிறார். செலவு எங்களுடையது என்று சொல்லியும் கேட்கவில்லை.

1960இல் ரோமில் முதல் பாராலிம்பிக். 23 நாடுகள், 400 பேர். விளையாட வந்த அத்தனை பேரும் சக்கர நாற்காலி. தங்கவைத்த கட்டடங்களோ தூண்மேல் நின்றன, ஏறப் படிகள். இத்தாலிய ராணுவ வீரர்கள்தான் நாற்காலியோடு தூக்கித் தூக்கி ஏற்றி இறக்கினார்கள். பிரிட்டனின் மார்கரெட் மோகன் வில்வித்தையில் தங்கம் வாங்கியது அவருக்கே தெரியாது. திரும்பிப் போக பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவரைத் தேடி வந்து இறக்கிக்கொண்டு போனார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் மலாவியில் கார் விபத்தில் அவருக்கு முதுகெலும்பு உடைந்தது. அந்த ஒரு வருடத்துக்குள் எத்தனை தடவை அவரைப் புரட்டிப் போட்டிருப்பார்கள்? 2012இல் லண்டனில் சுடரை ஏற்றியவரும் அவர்தான்.

நாலு படி. வெறும் நாலு.

31 ஆகஸ்ட்

புண்ணின் ஓரத்தில் சிவப்பாகச் சதை வளர்ந்திருக்கிறது. நல்ல அறிகுறி என்றார் டாக்டர். அம்மா அழுதாள்.

1 செப்டம்பர்

பாரிசில் வில்வித்தையில் ராகேஷ் குமார் வெண்கலத்தை ஒரே ஒரு புள்ளியில் விட்டார். 147–146. ஜம்மு பக்கம் கட்ராக்காரர், வயது 39. விபத்தில் தண்டுவடம் அடிபட்டு வருடக்கணக்காகப் படுக்கையில் கிடந்தவர். வில்லைத் தொட்டதே 2017இல்தான். தம்பிக்கு வயது 24. கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறேன், நிறுத்த முடியவில்லை.

தம்பியிடம் சொல்லவில்லை.

2 செப்டம்பர்

சொல்லிவிட்டேன். இன்று ராத்திரி கலப்பு அணியில் ராகேஷும் ஷீத்தல் தேவியும். அந்தப் பெண்ணுக்கு 17 வயது, இரண்டு கையும் இல்லை, காலால் வில்லைத் தாங்கி எய்கிறாள். இத்தாலியை 156–155 என்று ஜெயித்து வெண்கலம். நேற்று போன ஒரு புள்ளி இன்று திரும்பி வந்தது. தம்பி அந்தப் பெண்ணை அவ்வளவாகப் பார்க்கவில்லை. ராகேஷின் நாற்காலியைத்தான் பார்த்தான். “இடுப்பை எப்படிக்கா நேரா வச்சிருக்கார்?” என்றான். எட்டு நாளில் அவனாகக் கேட்ட முதல் கேள்வி.

4 செப்டம்பர், விடியற்காலை

உயரம் தாண்டுதலில் மாரியப்பனுக்கு வெண்கலம். 1.85 மீட்டர். ரியோவில் 1.89 தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, இப்போது இது. பக்கத்துக் கட்டில் பெரியவர் சேலத்துக்காரர். தென்னை மரத்திலிருந்து விழுந்தவர். “எங்க பெரியவடகம்பட்டிப் பையன்” என்று சிஸ்டர்களை எல்லாம் கூப்பிட்டுச் சொன்னார். அஞ்சு வயதில் அந்தப் பிள்ளையின் கால் பஸ்ஸில் நசுங்கியது, அந்தம்மா காய்கறி விற்றுக் காப்பாற்றினாள் என்று அவர் சொல்லச் சொல்ல அம்மா கை கழுவாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதே நாள், மதியம்

கோபமாக வருகிறது. 1968இல் மெக்சிகோ பாராலிம்பிக்கை நடத்த மாட்டேன் என்றது, டெல் அவிவில் நடத்தினார்கள். இந்தியா முதன்முதலாகப் போனதும் அங்கேதான். 1980இல் மாஸ்கோ மாட்டேன் என்றது, நெதர்லாந்தின் ஆர்னெமுக்குப் போனார்கள். 1984இல் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகம் பணம் இல்லை என்று கடைசி நேரத்தில் கைவிட்டது. சக்கர நாற்காலிக்காரர்கள் எல்லோரும் திரும்ப ஸ்டோக் மாண்டெவிலுக்கே, அதே ஆஸ்பத்திரி ஊருக்கே போனார்கள். 1988இல் சியோலில்தான் ஒலிம்பிக் நடந்த அதே மைதானங்களைத் திறந்துவிட்டார்கள். முதல் புல்தரையிலிருந்து 40 வருடம். குட்மான் அதைப் பார்க்கவில்லை, 1980இலேயே போய்விட்டார்.

வாசல் அழகு போய்விடுமாம்.

5 செப்டம்பர்

நேற்று ஹர்விந்தர் சிங் தங்கம். வில்வித்தையில் இந்தியாவுக்கு முதல் தங்கம். வில், திரும்பத் திரும்ப வில்.

பிசியோ இன்று தம்பியைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் புண் திரும்ப வந்துவிடும். முதல் தடவை முழங்கை நடுங்கியது, எழும்பவில்லை. மூன்றாவது தடவை ஒரு விரல் அளவு தூக்கினான். கழுத்து நரம்பு புடைத்தது. நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

6 செப்டம்பர்

பேட்கரைப் பற்றிச் சொன்னேன். முரளிகாந்த் பேட்கர், ராணுவத்தில் குத்துச்சண்டைக்காரர். 1965 போரில் முதுகில் குண்டு. 1972இல் ஹைடல்பர்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம், இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கம். “குண்டு வெளியே எடுத்தாங்களா?” என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை.

7 செப்டம்பர்

இரண்டு மணிக்குத் திருப்பும்போது முழித்திருந்தான்.

“ராகேஷ் எவ்வளவு தூரத்துல இருந்து எய்வார்?”

“ஐம்பது மீட்டர்.”

“இந்த வார்டு எவ்வளவு இருக்கும்?”

கதவிலிருந்து கடைசி ஜன்னல் வரை எட்டி வைத்து நடந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, யாரும் எழுந்துவிடாமல். முப்பத்தாறு எட்டு வந்தது. “அப்ப பத்தாது” என்றான்.

8 செப்டம்பர்

சாயங்காலத்திலிருந்து குளிர் நடுக்கம். 102. யூரினைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பாரிசில் இன்று கடைசி நாள், போனை அணைத்து வைத்துவிட்டேன். பன்னிரண்டுக்கு இடது பக்கம் திருப்பியாச்சு.