ஆர்.ஓ. மேடையில் காய்ந்த கொள்ளு

எல்லாம் அக்கவுன்ட்ஸிலிருந்து வந்த இரண்டு வரி மெயிலில் ஆரம்பித்தது. கடந்த மூன்று நிதியாண்டுகளில் நமது சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) கடமைத் தொகையின் சராசரி 10 கோடியைத் தாண்டிவிட்டது, விதி 8(3) இனி நமக்கும் பொருந்தும், கவனிக்கவும். கவனிப்பது என்றால் என்ன செய்வது என்று கம்பெனி செகரட்டரியிடம் போய்க் கேட்டேன். “இத்தனை நாள் கொடுத்தோம்னு எழுதினோம் மேடம். இனிமே கொடுத்ததால என்ன ஆச்சுன்னு வெளியாளை வெச்சு எழுதி வாங்கணும்” என்றார்.

இந்தத் துறையில் இல்லாதவர்களுக்கு நாலு வரி. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். 2021 ஜனவரியில் விதிகளைத் திருத்தியபோதுதான் பெரிய நிறுவனங்களுக்குத் தாக்க மதிப்பீடும், அதாவது அந்தச் செலவால் என்ன பலன் என்ற ஆய்வும், கட்டாயம் ஆனது. 1 கோடி அல்லது அதற்கு மேல் செலவான திட்டம், முடிந்து குறைந்தது ஓராண்டு ஆகியிருக்க வேண்டும், சுதந்திரமான ஏஜென்சி செய்ய வேண்டும்.

அந்த ‘ஓராண்டு’ என்ற நிபந்தனையைப் படித்தபோது, சும்மா அவகாசம் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அந்த விதியிலேயே விவரம் தெரிந்தவர் எழுதிய வரி அதுதான். நம் ஊரில் எந்த இயந்திரத்துக்கும் பராமரிப்பு ஒப்பந்தம் ஒரு வருடம்தான். அது முடிந்த மறுநாளிலிருந்துதான் திட்டத்தின் சாயம் தெரியும்.

நாங்கள் ஒசூர் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் நிறுவனம். மதிப்பீட்டுக்கு உட்பட்டது 14 கிராமங்களில் வைத்த குடிநீர் ஆர்.ஓ. சுத்திகரிப்பு பிளான்ட் திட்டம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில், நிலத்தடி நீரில் கூடிப்போய்ப் பல்லைக் கறையாக்கும் ஃப்ளோரைடு பழைய தலைவலி. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் போன ஆழ்துளைக் கிணறுகள் இங்கே நிறைய. ஆகவே திட்டத்தின் தேவையை யாரும் குறை சொல்ல முடியாது. என்னிடம் இருந்த ஃபைலும் கச்சிதமாக இருந்தது. வவுச்சர்கள், திறப்பு விழாப் படங்கள், ஊராட்சியிடம் ஒப்படைத்த கடிதங்கள் எல்லாம் இருந்தன. இல்லாதது ஒன்றுதான்: திட்டம் தொடங்கும் முன் அந்த வீடுகளில் என்ன தண்ணீர் குடித்தார்கள் என்ற கணக்கு.

‘பயனாளிகள்’ என்ற கட்டத்தில் ஒரு பெரிய எண் இருந்தது. அதை எப்படிப் போட்டோம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். 14 ஊர்களின் மக்கள்தொகையை அப்படியே கூட்டினோம், அவ்வளவுதான். பிளான்ட் ஊருக்குள் இருக்கிறது, ஆகவே ஊரே பயனாளி. இதே எண்ணைத்தான், பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கேட்கும் பி.ஆர்.எஸ்.ஆர். (தொழில் பொறுப்பு, நிலைத்தன்மை) அறிக்கையிலும் எட்டாவது கோட்பாட்டின் கீழ், சி.எஸ்.ஆர். திட்டங்களால் பயன்பெற்றோர் எத்தனை பேர் என்ற இடத்தில் நிரப்பியிருந்தோம். இந்த அறிக்கை 2022-23 முதல் முன்னணி 1,000 பட்டியலிட்ட நிறுவனங்களுக்குக் கட்டாயம். கேட்பவர் இல்லாததால் எங்கள் எண்ணும் ஓடிக்கொண்டிருந்தது.

ஏஜென்சி பிடிப்பது பெரிய கதை இல்லை. மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்கினோம். மதிப்பீட்டுச் செலவையும் சி.எஸ்.ஆர். கணக்கிலேயே எழுதலாம். 2022 திருத்தத்துக்குப் பிறகு அந்த ஆண்டுச் செலவில் 2 சதவீதம் அல்லது 50 லட்சம், எது அதிகமோ அது வரம்பு. ஒருவர் முதல் சந்திப்பிலேயே “எந்த மாதிரி ரிசல்ட் எதிர்பார்க்கிறீங்க?” என்று கேட்டார். அவரை விட்டுவிட்டோம்.

தேர்வான ஏஜென்சியிலிருந்து வந்தவர்கள் முதலில் கேட்டது, திட்டத்துக்கு முந்தைய அந்த அடிப்படைக் கணக்கு. இல்லை என்றதும், “அப்போ மக்கள் ஞாபகத்தை நம்பணும், கூடவே பிளான்ட் இல்லாத பக்கத்து ஊர்களையும் ஒப்பிட்டுப் பார்க்கணும்” என்றார்கள். சரி என்றேன். ஒப்பிடும் ஊரைத் தேடும்போதுதான் அடுத்த சிக்கல். ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013-ல் தொடங்கி வைத்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய், எங்கள் ஊர்கள் சிலவற்றுக்கு ஏற்கெனவே வந்திருந்தது. அங்கே ஃப்ளோரைடு குறைந்திருந்தால் அது காவிரித் தண்ணீரால் குறைந்ததா, எங்கள் பிளான்ட்டாலா? கடைசியில் குழாய் ஒழுங்காக வரும் ஊர், வராத ஊர் என்று இரண்டாகப் பிரித்தே கணக்குப் பார்த்தோம். இந்தப் பிரிப்பை இடம் தேர்வு செய்த காலத்திலேயே செய்திருக்க வேண்டும். அன்றைக்கு எந்த ஊர்த் தலைவர் முதலில் மனு கொடுத்தார் என்பதுதான் எங்கள் அளவுகோல்.

கேள்வித்தாளில் ஒரு சண்டை போட்டேன். ‘பிள்ளைகளின் பல் கறை குறைந்திருக்கிறதா?’ என்று ஒரு கேள்வி. ஃப்ளோரைடு கறை பல் உருவாகும் வயதிலேயே உள்ளுக்குள் விழுந்துவிடும். பத்து வயதுப் பையனுக்கு இரண்டு வருடம் நல்ல தண்ணீர் கொடுத்தால் அந்தப் பழுப்பு போய்விடாது. இன்றைக்குக் கைக்குழந்தையாக இருப்பவர்கள் ஏழெட்டு வயதுக்கு வரும்போதுதான் அதில் ஏதாவது தெரியும். அதை நீக்கிவிட்டு, வீட்டுக் குடத்திலிருந்தே தண்ணீர் மாதிரி எடுத்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்றேன். பிளான்ட் குழாயில் எடுத்தால் நன்றாகத்தான் இருக்கும். குடிப்பது குடத்துத் தண்ணீரைத்தானே.

மாதிரி எண்ணிக்கை வழக்கமான 384 வீடுகள். 95 சதவீத நம்பகம், 5 சதவீதம் பிழை என்று கணக்குப் போட்டால் எல்லா அறிக்கையிலும் வந்து நிற்கும் எண். அதை எட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. 2024 ஜனவரி. தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் நல்ல குளிர். காலை பதினொரு மணிக்கு டேப்லெட்டோடு போனால் வீட்டில் வயதானவர்கள்தான் இருந்தார்கள். பெண்கள் ரோஜாப் பண்ணைக்கோ நூறு நாள் வேலைக்கோ போயிருந்தார்கள். தண்ணீர் சுமப்பவர்களை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பற்றி யாரிடம் கேட்பது? மாலை ஆறு மணிக்கு மேல் வரலாம் என்றால், காட்டோர ஊர்களில் இருட்டின பிறகு வண்டி எடுக்க வேண்டாம், யானை இறங்கும் காலம் என்றார்கள். ஆக, மாலையில் இருட்டுவதற்குள் ஒரு ஊரில் ஆறேழு வீடுதான் முடியும். இதற்கு நடுவே மொழி வேறு. கேள்வித்தாள் தமிழில் இருந்தது, பல வீடுகளில் பேச்சு தெலுங்கு, சில இடங்களில் கன்னடம். கணக்கெடுக்க வந்த சென்னைப் பிள்ளைகள் முழித்தார்கள். முதல் மூன்று நாள் விடைகளைக் குப்பையில் போட்டுவிட்டு, உள்ளூரில் பிளஸ் டூ முடித்த பெண்கள் நால்வரைச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் வேலை ஓடியது.

ஒரு ஊரில் நானும் கூடப் போனேன். கருங்கல்லில் எங்கள் நிறுவனப் பெயர், திறந்து வைத்தவர் பெயர், தேதி. ஷட்டர் பாதி இறங்கி, பூட்டில் துரு ஏறியிருந்தது. கேன் வைத்துப் பிடிப்பதற்குக் கட்டிய சிமென்ட் மேடை நிறையக் கொள்ளு காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கோழி ஓட்டிக்கொண்டிருந்தார்.

“பாட்டி, இதுல தண்ணி வருதா?”

என்னையும் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையையும் பார்த்தார். “தண்ணி வந்தா இதை எங்கம்மா காயப் போடறது?”

டிரைவர் அண்ணன் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டி பேசிக்கொண்டே போனார். ஆரம்பத்தில் நன்றாகத்தான் வந்ததாம். அப்புறம் தண்ணீர் நூலாய் ஒழுகியதாம். யாரோ வந்து பார்த்து ‘உள்ளே இருக்கிறது மாத்தணும்’ என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். அது முடிந்து இரண்டு கொள்ளு அறுப்பு ஆகிவிட்டதாம்.

உள்ளே இருக்கிறது என்றால் மெம்பரேன், தண்ணீரை வடிகட்டும் சவ்வு. 14 பிளான்ட்டில் ஒன்பது ஓடின, ஐந்து நின்றிருந்தன. நின்ற ஐந்தின் கதையும் ஏறக்குறைய ஒன்றுதான். திட்ட மதிப்பீட்டில் கொட்டகைக்கு டைல்ஸ் வரை கணக்கு இருந்தது, மெம்பரேன் மாற்ற ஒரு ரூபாய் இல்லை. சி.எஸ்.ஆர். பணத்தில் உருவான சொத்தை நிறுவனம் தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது, பொது அமைப்புக்கோ பதிவு பெற்ற அறக்கட்டளைக்கோ சுய உதவிக் குழு மாதிரியான பயனாளிகளுக்கோ போக வேண்டும் என்பது விதி. நாங்கள் ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்தோம். ஊராட்சிக்கு அது கம்பெனி பிளான்ட். கம்பெனிக்கு அது ஊராட்சி பிளான்ட். நடுவில் கொள்ளு காய்ந்தது.

ஓடிய ஒன்பதில் ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அங்கே பிளான்ட்டைக் கவனித்தது சுய உதவிக் குழுவைச் சேர்ந்த ஓர் அக்கா. 20 லிட்டர் கேன் ஐந்து ரூபாய். அவரிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது, முனையெல்லாம் தண்ணீர் பட்டு உப்பிப்போய். ஒவ்வொரு நாளும் எத்தனை கேன், யார் கடன், மீட்டர் எண். ஓரத்தில் குறிப்புகள்: ‘கரண்ட் இல்லை’, ‘மாரியம்மன் பண்டிகை, கூட 30 கேன்’, ‘டி.டி.எஸ். (நீரில் கரைந்த உப்பு) ஏறுது, ஆளுக்கு போன்’. கேன் காசில் மாதாமாதம் ஒரு தொகையைத் தனியே எடுத்து வைத்து, யாரையும் கேட்காமல் மெம்பரேன் மாற்றியிருந்தார். எங்கள் ஏஜென்சியின் டேப்லெட்டில் இல்லாத தகவலெல்லாம் அதில் இருந்தது. ஏஜென்சித் தலைவர் அதைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டார். அந்த நோட்டை வைத்துத்தான், ஊரில் சரிபாதி வீடுகூட கேன் வாங்குவதில்லை என்பதும் தெரிந்தது. பெரும்பாலும் தூரம்தான் காரணம். மேல்தெருவிலிருந்து 20 லிட்டரைச் சுமந்து ஏற யாருக்கு முடியும்? ‘ஊரே பயனாளி’ கணக்கு அன்றோடு போனது.

இன்னொன்று, எங்கள் மூக்கின் கீழேயே இருந்தது. ஆலையில் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் பிரிவினர் ஒவ்வொரு கிலோலிட்டரையும் அளப்பார்கள், எடுத்தது எவ்வளவு, மறுசுழற்சி எவ்வளவு என்று. அந்தப் பிரிவு நண்பர் வரைவு அறிக்கையைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “ரிஜெக்ட் தண்ணி எங்கே போகுது?” இந்த மாதிரிப் பிளான்ட்டுகளில் உறிஞ்சும் தண்ணீரில் பாதிக்கும் மேல் கழிவாகவே வெளியேறும், பிரித்தெடுத்த ஃப்ளோரைடு முழுக்க அதில்தான் இருக்கும். போய்ப் பார்த்தால் பல இடங்களில் பக்கத்துப் பள்ளத்தில், அதே ஆழ்துளைக் கிணற்றிலிருந்து பத்தடியில், விட்டிருந்தார்கள். கொடுத்த லிட்டரை மட்டும் எண்ணிய எனக்கு இது தோன்றவே இல்லை.

சி.எஸ்.ஆர். கமிட்டிக் கூட்டத்துக்கு முந்தைய வாரம் ஓர் இயக்குநர், “ஒரு ரூபாய் போட்டா சமூகத்துக்கு எத்தனை ரூபாய் வருது? அந்த ஒரு எண்ணைச் சொல்லுங்க போதும்” என்றார். ஏஜென்சி சமூக வருவாய் விகிதம் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடியில் தோண்டினால், மிச்சமான மருத்துவச் செலவு என்று பெரிய தொகை ஒன்று, அதுவும் 14 பிளான்ட்டும் தினமும் ஓடியதாக வைத்துக்கொண்டு. ஒன்பதுக்குப் போட்டு, ஒகேனக்கல் குழாய் வரும் ஊர்களைக் கழித்தால் எண் பாதிக்கும் கீழே இறங்கியது. அதைப் பிற்சேர்க்கைக்கு அனுப்பிவிட்டு, முதல் பக்கத்தில் ‘9 ஓடுகின்றன, 5 நிற்கின்றன’ என்று போட்டோம். கூட்டத்தில் திட்டு விழும் என்று தயாராகப் போயிருந்தேன். கொஞ்சம் விழுந்தது. அதன் பிறகு, நின்ற ஐந்தைச் சரிசெய்யவும், குழுக்களிடம் பொறுப்பை மாற்றிக் கொடுக்க ஊராட்சிகளோடு பேசவும், ரிஜெக்ட் தண்ணீரைக் கிணற்றிலிருந்து தள்ளிக் கொண்டுபோகவும் பணம் ஒதுக்கினார்கள். பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கையில் பயனாளிகள் எண் அந்த வருடம் சரிந்தது. சரிவுக்குக் காரணம் கேட்டு மட்டும் நாலு மெயில் வந்தது.

ஏஜென்சி கணக்கு எடுக்க ஒரு மொபைல் செயலி பரிந்துரைத்தது. நான் முதலில் 14 கோடு போட்ட நோட்டுகள் வாங்கி, அந்த அக்காவின் நோட்டைப் போலவே கட்டம் போட்டு அனுப்பினேன். அடுத்த வாரம் அக்கவுன்ட்ஸிலிருந்து போன்.

“மேடம், நோட்டு வாங்கினது திட்டச் செலவா, நிர்வாகச் செலவா? நிர்வாகத்துல போட்டா 5 சதவீத வரம்புல வந்துடும்.”

திட்டச் செலவில் போடச் சொன்னேன்.